ஸா போடாத ஊர்த்தலைவர்

யோனாமினே ஸென்யூ ஊர்த்தலைவரானதும் முதலில் செப்பனிட்டது ரோட்டை அல்ல, தன் பேச்சை. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் தென்கோடியில் இருக்கிற அந்த ஊரில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'ஸா' போட்டு இழுப்பார்கள். சாவுச் செய்திகூட ஸாவில்தான் முடியும். பதவிக்கு இது அடுக்காது என்று ஸென்யூவுக்குப் பட்டது. நாஹா நகரத்துக்குப் போய் மேடைப்பேச்சு வகுப்பில் சேர்ந்து, டோக்கியோ செய்தி வாசிப்பாளர் குரலோடும் ஒரு புது டையோடும் திரும்பினார்.

இரண்டு நாளில் அறுவடைத் திருவிழா, வடம் இழுக்கும் போட்டி. முந்தின நாள் ஊரே கூடி வைக்கோலை முறுக்கி வடம் திரித்தாக வேண்டும். வடம் இல்லாத திருவிழா அந்த ஊரில் நடந்ததில்லை. அந்த முந்தின நாள் காலையில் ஸென்யூ ஒலிபெருக்கி மைக்கைப் பிடித்தார்.

"பொதுமக்கள் அனைவரும் உரிய முன்னேற்பாடுகளுடன் பிற்பகல் மைதானத்தில் கூடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

பிற்பகலில் மைதானத்துக்கு வந்திருந்தது வைக்கோல் மட்டும்தான். ஊருக்குள் போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வீடு புயல் கதவு சாத்தியிருந்தது. கடையில் மெழுகுவத்தி தீர்ந்துவிட்டது. வானமோ கழுவித் துடைத்த நீலம். மீன்பிடிக்கிற டோகேஷி தன் படகைக் கரையேற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றே?"

"புயல் வருதுன்னு நகராட்சியில சொன்னாங்கஸா."

"நகராட்சி இல்ல, நான்தான் பேசினேன்."

டோகேஷி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ எதுக்குடா புயலக் கிளப்பிவிட்டே? அந்த மாதிரிக் கொரல்ல இங்க புயல் எச்சரிக்கை மட்டுந்தான் வரும், கேட்டா நாங்க கதவத்தான் சாத்துவோம்ஸா. என்ன சொல்றாங்கன்னு யாரு கேட்டா?"

ஸென்யூ ஓடிப்போய் மறுபடி மைக்கைப் பிடித்தார். "புயல் ஏதும் இல்லை. பொதுமக்கள் அச்சம் கொள்ள வேண்டாம்."

திறந்திருந்த ஒன்றிரண்டு கதவுகளும் மூடிக்கொண்டன.

வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. மனைவி கட்சுகோ டீ கொண்டுவந்தாள். "நேத்து எங்கிட்ட சோறு கேட்டப்பவே என் மேல கோவமோன்னு நெனச்சேன்ஸா. ஊருக்கு மட்டும் எப்படிப் புரியும்?"

வடமில்லாத முதல் திருவிழாவின் தலைவர் என்று காலம் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள். ஸென்யூ தொண்டையைச் செருமினார்.

"நான் ஸென்யூ பேசறேன்ஸா. புயலும் இல்ல, மண்ணும் இல்லஸா. வைக்கோல் அப்படியே கெடக்குஸா. நானும் கட்சுகோவும் மட்டும் முறுக்கினா நாளைக்குத் துணி காயப்போடற கொடியத்தான் இழுக்கணும்ஸா. வாங்கப்பா."

கதவுகள் திறந்தன. யாரும் ஓடிவரவில்லை, அந்த ஊரில் ஓடுகிற வழக்கம் இல்லை. புயலுக்கு வாங்கிய ரொட்டியை மென்றபடி ஒவ்வொருவராக வந்து வைக்கோலில் உட்கார்ந்தார்கள். கேலியும் முறுக்கலும் சேர்ந்தே நடந்தன. இருட்டுவதற்குள் வடம் ஆள் இடுப்புப் பருமனுக்கு ஏறிவிட்டது.

"தலைவரே, நாளைக்குத் தொடக்க உரை உண்டா?" என்றார் டோகேஷி.

"உண்டு."

எல்லாக் கைகளும் நின்றன.

"சின்னதுதான்ஸா," என்றார் ஸென்யூ.

கைகள் மறுபடி முறுக்கத் தொடங்கின.