சோலைமுத்து நட்ட கம்பம்

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும் இணையக் கேபிள் அந்த மாதம் பதினோராவது முறையாக அறுந்தது. திண்டுக்கல் கிளையில் புகார் ஃபோன் எடுக்கும் முஹ்சினா தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொரு முறை அறுந்தால் வியாபாரிகள் மொத்தமாக வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள், அப்புறம் கிளைக்குப் பூட்டுத்தான் என்று சென்னை ஆபீஸ் சொல்லிவிட்டது. ஒன்பது பேர் பிழைப்பு அது.

சந்தை முக்கில் கேபிள் தாழத் தொங்குகிறது, பூ ஏற்றிய வேன் அதை இழுத்துக்கொண்டு போகிறது. இது லைன்மேன் சோலைமுத்துவுக்குத் தெரியும், வேன் டிரைவர்களுக்கும் தெரியும், சென்னைக்கு மட்டும் ஏறவில்லை. ஊழியர்கள் யோசனை சொல்வதற்கென்றே ஒரு ஆப் கொடுத்திருந்தார்கள். முஹ்சினா அதில் நான்கு முறை எழுதிக் கம்பம் கேட்டாள். நன்றி மட்டும் தவறாமல் வந்தது.

"அறுந்ததை ஒட்டணும், புகார் டிக்கெட்டை மூடணும். அம்புட்டுத்தான் நமக்குச் சொல்லியிருக்கு," என்றார் சோலைமுத்து.

"இனி ஒட்டிப் பிரயோசனமில்லண்ணே. நாமளே கம்பத்தை நட்டுருவோம்."

"மேல கேட்டா?"

"நான் பதில் சொல்லிக்கிறேன்."

பூக்கடைக்காரர் ஒருவர் தன் வாசலிலேயே இடம் விட்டார். குடோனில் சும்மா கிடந்த இரும்புக் கம்பத்தை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய், சோலைமுத்துவும் செம்பட்டி லைன் பார்க்கும் இன்னொரு லைன்மேன் பிரிட்டோவும் குழி தோண்டி நட்டு, கேபிளை உயரத் தூக்கிக் கட்டினார்கள்.

இரண்டு மாதம் நிலக்கோட்டையிலிருந்து ஒரு புகார் இல்லை. புதிதாக முப்பது பேர் இணைப்பு கேட்டார்கள். கிளை தப்பித்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள் முஹ்சினா.

மூன்றாம் மாதம் சென்னையிலிருந்து மெயில் வந்தது. சோலைமுத்து மூடிய டிக்கெட்டுகள் மிகவும் குறைவு, ஆகவே அவர் இனி தேவையில்லை.

முஹ்சினா ஃபோனில் கெஞ்சினாள், கத்தினாள், கடைசியில் அழுதாள். "அவர் வேலை பாத்ததுனாலதான் சார் கம்ப்ளெயின்டே வரல!"

"ரெக்கார்டுல அப்படி இல்லையேம்மா," என்றார் சென்னை அதிகாரி.

பதில் சொல்லிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவள் அவள். வேலை போனதோ அவருக்கு. சோலைமுத்து கம்பம் ஏறும்போது கட்டும் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவள் மேசையில் வைத்தார்.

"விடு தங்கச்சி. நீ என்ன செய்வ," என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை கிளைக் கூட்டத்தில் மேனேஜர் கேட்டார்: "செம்பட்டி லைன் அடிக்கடி போகுதே, என்ன காரணம்? தெரிஞ்சவங்க தைரியமா சொல்லுங்க."

செம்பட்டியில் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவதைப் பிரிட்டோ சனிக்கிழமைதான் படமெடுத்து முஹ்சினாவுக்கு அனுப்பியிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியல சார்," என்றான்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"எனக்கும் தெரியல சார்," என்றாள் முஹ்சினா.