ஆறு செட்டும் செவிடு

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தன் கடையில், சோதனைக்கு வந்த ஏலக்காய்த் தோட்டத்து வயர்லெஸ் செட்டுகள் ஆறும் செவிடு என்று பானுப்பிரியா எழுதிக் கையெழுத்துப் போட்டது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை சிலமலைக்காரர் ஒருவர் அட்டை பிரிக்காத புதுச் செட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சோதிக்கிற பெட்டியில் மாட்டிப் பார்த்தாள். அதுவும் செவிடு.

ஆறுக்கும் ஒரே அளவில் காது போகும் என்பதையே அவள் நம்பியிருக்கக் கூடாது. மலை ஈரம் அரித்திருக்கும் என்று அவளாகவே ஒரு காரணமும் கட்டியிருந்தாள்.

குரங்கணிக்கு மேலே அந்தத் தோட்டத்துக்கு செல்போன் டவர் எட்டாது. யாராவது வழுக்கி விழுந்தால் செட்டில் கூப்பிட்டுத்தான் ஜீப்பு ஏறும். செட்டு இல்லையென்றால் ஒரு ஆள் இரண்டு மணி நேரம் இறங்கி வந்து சொல்ல வேண்டும். நாளைக் காலையில் இருபது பெண்கள் காயெடுக்க மேல்காட்டுக்குப் போகிறார்கள். இன்று மூன்று மணி ஜீப்பில் செட்டுகள் ஏறியாக வேண்டும். தோட்டத்து சூப்பர்வைசர் கண்ணுச்சாமி காலையிலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“செவிடுன்னு எழுதிட்டு இப்ப ஏன் ஆத்தா பெட்டியக் கழட்டுற?”

“கேக்காதது செட்டா, பேசாதது பெட்டியான்னு பாக்குறேண்ணே.”

பெட்டி என்பது சிக்னல் ஜெனரேட்டர். ரேடியோ அலையைச் சன்னமாக அளந்து செட்டுக்குள் விட்டு, எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற கருவி. மதுரைப் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. அவளைவிட வயதில் மூத்தது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முகப்பு முள் சரியாகத்தான் நின்றது. ஆனால் முள் அளப்பது உள்ளே பிறக்கிற அலையை. வாசல் தாண்டி எவ்வளவு போகிறது என்று அதற்குத் தெரியாது. வயரை மாற்றினாள். பலனில்லை. கடைசியில் அலையைக் குறைத்து அனுப்புகிற டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு ரெசிஸ்டர் கறுத்துக் கிடந்தது. ஐம்பது ஓம் காட்ட வேண்டியது எண்ணூறு காட்டியது.

அது தானாகக் கருகாது. வெளியிலிருந்து யாராவது பவரை உள்ளே தள்ளினால்தான் கருகும். யாரென்று யோசிக்க நேரமில்லை. கையிருப்பு நூறு ஓம் ரெசிஸ்டர் இரண்டு. இணையாகச் சேர்த்துப் பற்றவைத்தாள். முதல் செட்டை மாட்டினாள். நன்றாகக் கேட்டது.

“செட்டு நல்லாத்தாண்ணே இருக்கு.”

“அப்படிச் சொல்லு!” கண்ணுச்சாமி எழுந்து வந்து செட்டைக் கையில் எடுத்தார். மேல்காட்டில் செட்டை எடுத்தவர்கள் பேசுவதற்கு முன்னால் பட்டனை இரண்டு அமுக்கு அமுக்குவார்கள். ஆள் இருக்கிறேன் என்று அர்த்தம். வயர் மாட்டியபடியே அவரும் அமுக்கினார்.

செட்டு பேசுகிற பவர் முழுவதும் வயர் வழியாகப் பெட்டிக்குள் பாய்ந்தது. முள் துள்ளியது. டப்பாவிலிருந்து நூலாகப் புகை வந்தது.

“என்ன ஆத்தா, கருகுற வாடை?”

“சனிக்கிழமை செட்டுகளக் கொண்டாந்து குடுத்து, நான் மாட்டி வச்சிருந்தப்பவும் இப்படித்தான் அமுக்குனீங்களா?”

“ஆமா. எடுத்தா அமுக்கணும்ல?”

“அது சொட்டு மருந்து ஊத்துற பெட்டிண்ணே. நீங்க மடையத் தொறந்து விட்டுட்டீங்க.”

கண்ணுச்சாமி செட்டை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேற ஒண்ணு போட்டு வெரசாப் பாரு.”

“வேற இல்ல. மதுரைக்குத்தான் போகணும்.”

மணி இரண்டரை. ஐந்து செட்டுகள் பாக்கி. பானுப்பிரியா திங்கட்கிழமைத் தாளை எடுத்தாள். கெட்ட பெட்டியில் ஆறும் ஒரே அளவுதான் கேட்டிருந்தன. அதில் ஒன்று நல்ல பெட்டியில் நன்றாகக் கேட்டுவிட்டது. அப்படியானால் மற்ற ஐந்தும் நல்லவைதான். கணக்கு சரி. ஆனால் மேலே போவது இருபது பேர். இன்னொரு தடவை தாளைப் பார்த்துவிட்டு, ஆறு இடத்திலும் செவிடு என்பதை அடித்தாள். திருத்தியதற்குக் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“எம் பேர எழுதிறாத ஆத்தா. மேனேஜர் மலையாளத்துல வைவாரு. பாதி புரியாது, அதுதான் கஷ்டம்.”

“பெட்டியச் சந்தேகப்படாம கையெழுத்துப் போட்டது நானு.” ‘சோதித்தவர் தவறு’ என்று எழுதிக் கொடுத்தாள். அவர் செட்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார்.

மறுநாள் மதுரை பஸ்சிலிருந்து ஜீப்பு டிரைவர் அழகுராஜாவுக்குப் போன் போட்டாள்.

“மேல்காட்டுலருந்து நாலாம் நம்பர் செட்டுல ஒச்சம்மா கூப்புட்டுச்சுக்கா. கூடக் காயெடுக்குற பொன்னுமணிக்குக் கால் பெசகிருச்சாம். ஏறிக்கிட்டிருக்கேன்.”

“தெளிவாக் கேட்டுச்சா?”

“லேட்டுன்னு என்னைய வஞ்சது வரைக்கும் கேட்டுச்சு. டவர் போகப்போகுது, வைக்கிறேன்.”