ஆடியிலும் வத்தாத ஊருணி

என் வாய்க்கு மூணு ஊரு பயப்படும். பெருமைக்குச் சொல்லலை. ஒருக்கா லோடு வண்டிக்காரன் ஒருத்தன் எங்க ஊருணிப் படியில இறங்கிக் கால் கழுவப் போனான். "ஏய்யா, உங்க வீட்டுச் சோத்துப் பானைக்குள்ளயும் இப்படித்தான் கால விடுவியா?"ன்னு கேட்டேன். செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு ஓடினவன், அப்புறம் இந்தப் பக்கமே வண்டியத் திருப்பலை. சொந்தக் கொழுந்தன் கரையில ஆட்டை மேய விட்டான்னு, ஆட்டைப் பிடிச்சாந்து எங்க வீட்டுல கட்டிப்போட்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் அவுத்து விட்டேன். அப்பேர்ப்பட்ட முனீஸ்வரி, பேச வேண்டிய ஒரே ஒரு நாள்ல வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். எங்க போயி முட்டிக்கிறது?

எங்க ஊரு கொக்கனேந்தல். அருப்புக்கோட்டையில திருச்சுழி பஸ்ஸு ஏறி, விலக்குல இறங்கி ரெண்டு மைல் நடக்கணும். இங்க எங்க தோண்டினாலும் உப்பு. கிணறு உப்பு, போரு உப்பு. குழாய்த் தண்ணி வந்தா வந்துச்சு, வராட்டி இல்லை. மழைத் தண்ணியத் தேக்கி வச்சுக் குடிக்கிற ஊருணி ஒண்ணுதான் எங்களுக்கு நாக்குல வைக்கிற தண்ணி. அதனால அதுக்குக் காவல் உண்டு. அமாவாசைக்கு அமாவாசை ஒரு வீட்டு முறை. முறை வீட்டுக்காரவுக மட்டுந்தான் ஊருணியில ஒருத்தரை இறங்கு, ஏறுன்னு சொல்லலாம். மத்தவுக கண்ணு முன்னால தப்பு நடந்தாலும் முறை வீட்டுல வந்து சொல்லணுமே ஒழிய, தானா வாயத் திறக்கக் கூடாது. முன்ன ஆளாளுக்கு அதிகாரம் பண்ணி வெட்டுக்குத்து ஆகிப்போச்சாம், அதுக்குப் பெறகு வந்த ஏற்பாடு. எனக்குத் தெரிஞ்சு அதனால ஒரு குத்தமும் வந்ததில்லை. லோடு வண்டிக்காரனையும் கொழுந்தனையும் நான் வாங்கினது எங்க வீட்டு முந்தின முறையிலதான்.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு முறை மறுபடி எங்க வீட்டுக்கு வந்துச்சு. ஆடியில ஊருணி வத்திக் கிடக்கும். அதே மாசந்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்துச்சுக.

கூட்டிட்டு வந்தது மாரிக்கண்ணன். பாலவனத்தத்துத் தம்பி, ஒரு தொண்டு நிறுவனத்துல வேலை. காலேஜ் படிக்கிற பிள்ளைகளை நாடு நாடா வரவழைச்சு, ஊருக்கு ரெண்டு வாரம் தங்கி வேலை செய்ய வைக்கிறது அவன் பொழப்பு. "ஊருணியத் தூர் வாரப் போறோம்க்கா. பன்னெண்டு பேரு. சமையல் நீங்கதான்"னான். சரின்னேன். எத்தனை ஆழம்னு கேட்டதுக்கு, "பேப்பர்ல அஞ்சடி போட்டிருக்கு"ன்னான்.

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? வண்டல் ஒரு அடிதான். அதுக்குக் கீழ மஞ்சக் களி. அந்தக் களிதான் தண்ணியத் தாங்கி நிக்குது. அதைக் குத்தினா கீழ வெள்ளைச் சுக்கான் கல்லு. சுக்கான்ல கம்பி பட்டுச்சுன்னா உவருத் தண்ணி ஊறிரும். எங்க ஊருல பச்சப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்டா."

"பேப்பர் கிடக்குதுக்கா. உங்க முறைதானே? களி தெரிஞ்சதும் நீங்க நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்திருவோம்"னான். நியாயமாத்தான் பேசினான். அவனை நான் குத்தம் சொல்ல முடியலை, அதான் என் வயித்தெரிச்சல்.

பிள்ளைக பள்ளிக்கூடத்துல தங்குச்சுக. முதல் நாளு எங்க ஊரே வேடிக்கை பாத்துச்சு. வெயில்ல வேகவச்ச நண்டு மாதிரி செவந்து போய், மம்பட்டியத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சுக. நான் சிரிச்சு மாளலை. "இதுகளா தூர் வாரும்? இதுகளை வாரிக் கரையேத்தத்தான் நமக்கு ஆளு வேணும்"னு பக்கத்து வீட்டு அருஞ்சுனைகிட்டச் சொன்னேன். அருஞ்சுனை என் சோட்டுக்காரி, ஒரே வயசு. அடுத்த அமாவாசைக்கு முறை அவ வீட்டுக்குப் போகணும்.

ஆனா சிரிச்ச வாயி ரெண்டே நாள்ல மூடிக்கிருச்சு. அதுக வேலை செஞ்ச வேலையிருக்கே! நூறு நாள் வேலையில நாங்க வேப்ப மரத்தடியில கதை பேசுற நேரத்துக்கு, அதுக பாதிக் குளத்தை வழிச்சிருச்சுக. போலந்து நாட்டுப் பொண்ணு ஒண்ணு, மார்த்தான்னு பேரு, இருபது வயசிருக்கும். சாயந்தரமானா அடுப்படியில என் பக்கத்துல வந்து உக்காந்து வெங்காயம் உரிக்கும். கையி ரெண்டும் கொப்புளம். நான் வெளக்கெண்ணெயில மஞ்சளைக் குழைச்சுப் பூசுவேன். எரியும், ஆனா சத்தம் வராது, "அக்கா, அக்கா"ன்னு சிரிக்கும். நான் பெத்தது ஒண்ணு, பிழைக்கலை. சொல்லக் கூடாதுன்னுதான் பாக்குறேன், அந்தப் பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைஞ்சிரும்.

பத்தாம் நாளு மேல் வண்டல் வழிச்சாச்சு, களி இன்னும் தெரியலை. பன்னெண்டாம் நாளு கடைசி வேலை. மாரிக்கண்ணன் பிள்ளைகளை ரெண்டு கட்சியாப் பிரிச்சு நடுக்குளத்துல விட்டான். போட்டியாம், எந்தக் கட்சி முதல்ல அஞ்சடி தொடுதுன்னு. ஊரே கரையில கூடிருச்சு. மேளம் வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு சோலைச்சாமி அருப்புக்கோட்டைத் தறிக்கு லீவு போட்டுட்டு வந்து விசில் அடிக்கிறாரு.

மஞ்சக் களி தெரிஞ்சப்ப நான் கீழ இறங்கினேன். நிறுத்தச் சொல்லத்தான் இறங்கினேன், சாமி சத்தியமா. குழிக்குள்ள மார்த்தா நின்னுச்சு. கொப்புளம் உடைஞ்சு கடப்பாரைக் கம்பியெல்லாம் ரத்தம். மூஞ்சியெல்லாம் மண்ணு. என்னப் பாத்ததும் அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சு, இன்னும் நாலடின்னு விரலைக் காட்டுச்சு. எத்தனையோ ஆயிரம் மைலு தாண்டி வந்து எங்க தண்ணிக்குக் கையக் கிழிச்சுக்கிட்டு நிக்கிற பிள்ளைகிட்ட, 'ஏறு வெளிய, நீ செய்யிறது தப்பு'ன்னு எப்படிச் சொல்ல? விருந்துக்கு வந்தவளை இலையிலருந்து எந்திரிக்கச் சொல்றாப்பில ஆகாதா?

திரும்பிக் கரையப் பாத்தேன். அருஞ்சுனை என்னையவே பாத்துக்கிட்டிருந்தா. அவ கை தட்டலை. அவ பக்கத்துல நின்னவுகளும் என்னையத்தான் பாத்தாக. அத்தனை பேருக்கும் தெரியும். முறை வீட்டுக்காரி நான் இருக்கும்போது அவுக பேச முடியாது. யாராச்சும் ஒருத்தர் கத்தித் தொலைங்களேன்னு நான் அவுக வாயப் பாக்குறேன், அவுக என் வாயப் பாக்குறாக. மேளம் அது பாட்டுக்கு அடிக்குது. நான் சொம்புல இருந்த தண்ணிய மார்த்தாவுக்குக் குடுத்துட்டு மேல ஏறிட்டேன்.

கொஞ்ச நேரத்துல வெள்ளைச் சுக்கான் கட்டி கட்டியா வெளிய வந்துச்சு. பிள்ளைக அதைக் கையில வச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்துச்சுக. ஊரு கை தட்டுச்சு. நானும் தட்டினேன்.

போகும்போது மார்த்தா என் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதுச்சு. நானும் அழுதேன். ஆனா நான் அழுதது வேற.

ஐப்பசியில நல்ல மழை. ஊருணி கரை தட்டி நின்னுச்சு. 'ஒண்ணும் ஆகலையே, நம்மதான் மருகிட்டோம்'னு எனக்கு உசிரு வந்துச்சு. கார்த்திகை முழுக்கத் தண்ணி தேனாட்டம் இருந்துச்சு. மார்கழியில ஒரு நாளு பருப்பு வேகலை. பருப்புதான் பழசுன்னு நினைச்சேன். மறு வாரம் டீயில பாலு திரிஞ்சு போச்சு. பால்காரனைப் பிடிச்சு வஞ்சேன். பாவம், அவன் முழிச்சான்.

தை பிறந்து நாலாம் நாளு, அருஞ்சுனை படியில குனிஞ்சு ஒரு கை தண்ணிய அள்ளி வாயில விட்டா. நான் பின்னாலயே நின்னேன். அவ துப்பினா. காலிக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் போயிட்டா.

அன்னையிலருந்து டவுன்லருந்து டேங்கர் வண்டி வருது. எங்க ஊருப் பொம்பளைக குடத்தோட ரோட்டுல நிக்கிறோம். ஒருத்தரும் என்னைய ஒரு வார்த்தை சொல்லலை. வரிசையில எனக்கு இடங்கூட விடுறாக. எனக்கு அதுதான் தாங்கலை. ஒரு நாளு பொறுக்க மாட்டாம அருஞ்சுனை குடத்தைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"ஏண்டி, காறித் துப்பித் தொலைங்கடி! 'உன்னாலதாண்டி நாசமாப் போனோம்'னு ஒருத்தியாச்சும் சொல்லுங்கடி!"

அவ என்னைய நிதானமாப் பாத்தா. "அன்னைக்கு எனக்கும் தெரியும். உன் முறைன்னு நின்னுட்டேன். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னைய வைய?"ன்னு சொல்லிட்டுக் குடத்தை வாங்கிக்கிட்டுப் போனா.

மாரிக்கண்ணனுக்குப் போன் போட்டேன். வந்தான், குடிச்சுப் பாத்தான், தலையில கைய வச்சு உக்காந்துட்டான். "மேல எழுதினா அடுத்த கேம்ப் வராதுக்கா. என் வேலையும் போயிரும். ரெண்டு மழை பேஞ்சா சரியாயிரும்"னான். ரெண்டு மழை இல்லை, ஏழு மழை பேஞ்சாலும் உடைஞ்ச களி ஒட்டாதுன்னு அவனுக்கும் தெரியும்.

இந்த வருஷம் ஆடியில அவன் வேன் மறுபடி வந்து நின்னுச்சு. புதுப் பிள்ளைக பதினாலு. இந்தத் தடவை வேலை பக்கத்துப் பூச்சனேந்தல் ஊருணியில. அதுக்கு முன்னால, நல்லா நடந்த வேலைன்னு எங்க ஊருணியக் காட்டக் கூட்டியாந்திருக்கான். சுத்துப்பட்டுல அத்தனை ஊருணியும் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. எங்களதுல மட்டும் முழங்கால் அளவு தண்ணி, கண்ணாடியாட்டம் தெளிஞ்சு நிக்குது. கீழயிருந்து ஊறுற உவரு ஆடியில எப்படி வத்தும்? பாக்குறவுகளுக்கு அது தெரியுமா? பிள்ளைக வாயப் பிளந்து கை தட்டுச்சுக. போட்டோவா எடுத்துத் தள்ளுச்சுக.

நான் மாரிக்கண்ணனைத் தனியா இழுத்தேன். "பேப்பர்ல எத்தனை அடிடா?"

தரையப் பாத்தான். "அஞ்சு. ஆனா நான் பாத்துக்கிறேன்க்கா."

"இப்ப சொல்லு இதுககிட்ட. என் கண்ணு முன்னால சொல்லு."

"சொல்றேன்க்கா, சொல்றேன். இப்ப வேணாம். சந்தோசமா இருக்காக."

பூச்சனேந்தல்ல தூர் வாரப் போறாகன்னு கேள்விப்பட்டு, களியக் குத்த விடாதீகன்னு நான் முந்தின வாரமே போயிச் சொல்லிட்டுத்தான் வந்தேன். "எங்க ஊருலயும் முறை வீடு இருக்கு தாயி, அவுக பாத்துக்கிருவாக"ன்னு மோர் குடுத்து அனுப்பி வச்சாக.

எனக்கு இங்கிலீஷு வராது. வராட்டிப் போகுது, நாக்குக்கு எந்தப் பாஷை வேணும்? பிள்ளைகளை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சேன். அந்த ஊருணித் தண்ணியில ஒரு குடம் மொண்டாந்து கடுங்காப்பி போட்டேன். கொதிக்க வச்ச காப்பின்னா யோசிக்காமக் குடிக்குங்க. சீனி மட்டுந்தான் போட்டேன், உப்பை ஊருணியே போட்டிருந்துச்சு. ஆளுக்கு ஒரு டம்ளர் குடுத்தேன். துப்பட்டும். மூஞ்சியச் சுளிக்கட்டும். என்ன இதுன்னு ஒரு பிள்ளை கேட்டாப் போதும், மாரிக்கண்ணன் பதில் சொல்லித்தானே ஆகணும்? அவனுக்கும் புரிஞ்சுபோச்சு. வாசப்படியில மூஞ்சி வெளிறி நின்னான்.

முதல் வாய் குடிச்ச பொண்ணுக்குக் கண்ணு விரிஞ்சுச்சு. பக்கத்துல இருந்த பையனைப் பாத்துச்சு. அவன் தொண்டையில நின்னதை முழுங்கிட்டு அந்தப் பொண்ணைப் பாத்தான். அவ்வளவுதான். ரெண்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு மடக்கு மடக்குன்னு குடிச்சுச்சுக. மத்ததுகளும் குடிச்சுச்சுக. பதினாலு டம்ளரும் காலி. ஒண்ணுகூடத் துப்பலை. ஒண்ணுகூடக் கேக்கலை. இந்த ஊருக் காப்பியே இப்படித்தான் போலன்னு நினைச்சிருக்கும். குடுத்தவ மனசு நோகக் கூடாதுன்னு முழுங்குற மூஞ்சி எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கரையில ஊரே அந்த மூஞ்சியோடதானே நின்னுச்சு!

"உப்புடா! உப்புத் தண்ணிடா பாவிகளா! துப்புங்கடா!"ன்னு கத்தினேன். பிள்ளைக திடுக்கிட்டு என்னையப் பாத்துச்சுக. நாக்கை நீட்டிக் காட்டினேன், தொண்டையப் பிடிச்சுக் காட்டினேன். மாரிக்கண்ணன் வாசல்ல இல்லை. வேன்ல போயி உக்காந்துட்டான்.

முதல்ல குடிச்ச பொண்ணு எந்திரிச்சு வந்து என் கையப் பிடிச்சுக்கிருச்சு. எங்கயோ படிச்சு வச்ச தமிழ்ல, "ரொம்ப நல்லா இருக்கு அக்கா"ன்னுச்சு. சொல்லிட்டு, நான் நம்பலைன்னு நினைச்சுச்சோ என்னமோ, இன்னும் கொஞ்சம்னு டம்ளரை நீட்டுச்சு.

மறுநாள் காலையில பூச்சனேந்தல்ல வேலை ஆரம்பிச்சிருச்சு. பஸ்ஸுல போன அருஞ்சுனை பாத்துட்டு வந்து சொன்னா. அந்த ஊரு முறை வீட்டுக்காரி குழிக்குள்ள இறங்கி நின்னு, பிள்ளைகளுக்குச் சொம்புல மோர் ஊத்திக் குடுத்துக்கிட்டிருந்தாளாம்.