மீரா முகைதீன் விடாத மூச்சு

கொரோனா இரண்டாம் முறை வந்த வைகாசியில் மேலப்பாளையம் மீரா முகைதீன் இழுத்த மூச்சை மறு பங்குனி வரை வெளியே விடவில்லை. விடச் சொல்லாதது அவர் மகள் ஸமீஹா.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் படித்தது எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு. மெஷினைத் தொட்டுப் பழக வேண்டிய வருஷம் பார்த்துக் கல்லூரியைப் பூட்டினார்கள். பிள்ளைகள் மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கும் மூலை தேடி, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். ஏட்டுச் சுரைக்காயாவது ஏட்டில் முழுசாக இருக்கும். இவர்கள் பாடம் பாதியில் வட்டமடித்து நின்றுவிடும். நெஞ்சுப் படம் எடுக்கும் பாடத்தை ஞானம்பாள் டீச்சர் எத்தனையோ தடவை நடத்தினார். மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க என்று அவர் சொல்லும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சிக்னல் போனது. பிடித்ததை விடச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது என்பீர்கள். பாடத்தில் இல்லாததை நோயாளியிடம் பேசக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் அவர்கள்.

ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாமல் போனபோது அந்தப் பிள்ளைகளுக்கே கவச உடை மாட்டி வார்டுக்குள் அனுப்பினார்கள். ஸமீஹா தனியாக எடுத்த முதல் படம் அவள் வாப்பாவுடையது. கட்டிலோரம் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தது மகள்தான் என்று குரலை வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அவள் சொன்னபடி இழுத்தார், பிடித்தார். படத்தை எடுத்துவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நர்சும் டாக்டரும் விடச் சொல்லிப் பார்த்தார்கள். பிடிக்கச் சொன்ன வாய்தான் விடச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. ஸமீஹாவைத் தேடிக் கூட்டி வருவதற்குள் படம் வந்துவிட்டது. நுரையீரல் இரண்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தன. இந்த மூச்சு வெளியே போனால் அடுத்தது உள்ளே வர வழியில்லை, நீ வாயைத் திறந்துவிடாதே என்று டாக்டர் அவளைத் தடுத்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். மீரா முகைதீன் லேசாக உப்பிய கன்னத்தோடு பஜாரில் தன் கைலிக் கடையைத் திறந்தார். நடந்தார், தின்றார், கைலியை விரித்துக் காட்டினார். பேச்சுதான் இல்லை. அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே கடைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் வந்து, பார்த்து, எழுந்து போனார்கள். சாப்பிட உட்கார்ந்தால் பிஸ்மில்லா சொல்ல முடியாமல் சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்காக மனைவி அக்தர் பானு சொல்லுவார். பார்க்கச் சகிக்காது. கல்லூரி திறந்து, ஞானம்பாள் டீச்சர் நேரில் நின்று பாடத்தைக் கடைசி வரை சொல்லி முடித்த அன்று ஸமீஹா வகுப்பிலேயே அழுதாள். அந்த வார்த்தை தவறி வந்துவிடுமோ என்ற பயத்தில் வீட்டில் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் அவர் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். என்ன கேட்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

“புள்ளகிட்டப் போயி இதக் கேக்காதிய” என்றார் அக்தர் பானு.

அவர் அந்தக் கையை விடவில்லை. ஸமீஹா வெகுநேரம் அழுதாள். பிறகு, “மூச்ச விடுங்க வாப்பா” என்றாள்.

ஒரு மூச்சில் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவுதான் அவர் கையிருப்பு. முதலில், உயிர் போகையில் சொல்ல வேண்டிய கலிமாவைச் சொன்னார். மிச்சமிருந்ததில் மகளிடம் கேட்டார்:

“படம் தெளிவா வந்துச்சா மக்கா? நான் அசையவே இல்லல்லா.”

“தெளிவா வந்துச்சு வாப்பா.”

மீதிக் காற்று வாசல் வழியே போய், தெருவில் காயப்போட்டிருந்த கைலிகளை அசைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நகர்ந்தது. அவர் மய்யித்தை எடுத்து அடக்கம் செய்த பிறகும் அது நிற்கவில்லை. சித்திரையில் ஊரே புழுங்கிச் சாகும்போது அந்தத் தெருவில் மட்டும் காற்று உண்டு. அங்கே வாடகைக்கு வீடு கிடைப்பது இப்போது லேசுப்பட்ட காரியமில்லை.