சமத்து

பொம்மையைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு அவள் கையை எடுத்தாள்.

துணிப் பொம்மை. விசாரணைக்கு வந்திருந்த அதிகாரியம்மா தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கைக்குழந்தையின் நீளம், கைக்குழந்தையின் கனம், முகம் மட்டும் கிடையாது. கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. "நேத்து மத்தியானம் பாப்பாவை எப்படிப் போட்டீங்களோ, அதே மாதிரி இதைப் போட்டுக் காட்டுங்கம்மா" என்று கேட்டிருந்தார். அவள் போட்டாள். சுவரோரமாக, தலையணைக்குப் பக்கத்தில், தலையை லேசாக ஒருபுறம் சாய்த்து. போட்டவள் பழக்கதோஷத்தில் முதுகில் தட்டியும் கொடுத்தாள். வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"போர்வை?"

கம்பளியை எடுத்து மூடினாள். "சுவரெல்லாம் ஈரம். குளிருமேன்னு…"

"சரிம்மா. நீங்க திரும்பி வந்து பாக்கும்போது எப்படி இருந்துச்சு?"

பொம்மையின் தலையை மெல்லத் திருப்பினாள். முகமில்லாத முகம் மெத்தைக்குள் புதைந்தது. "இப்படி" என்றாள். 

நேற்று வேலைக்கு லீவு. துணி துவைக்கப் பொதுக்குழாய்க்குப் போய்விட்டு வந்தவள், உள்ளே எட்டிப் பார்த்தாள். பிள்ளை அசையவில்லை. சமத்தாகத் தூங்குகிறது, எழுப்புவானேன் என்று துணியைக் காயப்போட்டாள், பாத்திரம் கழுவினாள், பால் புட்டியைக்கூடக் கொதிக்க வைத்து எடுத்தாள். அந்த நேரத்தையெல்லாம் இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

சமத்து என்பதே பிள்ளையின் பெயராகியிருந்தது. ஆஸ்பத்திரியில் காலில் கட்டியனுப்பிய பட்டையில் வேறு பெயர் இருந்தது. ஆனால் இந்த வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை. சமத்து என்று வைத்தது வீட்டுக்காரம்மா. ஒரு குடும்பம் இருக்க வேண்டிய வீட்டைப் பலகைத் தடுப்புகளால் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு குடும்பமென்று வாடகைக்கு விட்டிருந்த புண்ணியவதி. ஜன்னல் எந்தத் துண்டுக்குப் போயிற்றோ, இந்தத் துண்டுக்கு வரவில்லை. குழந்தை குட்டி இருக்கிறவர்களுக்கு இடம் கிடையாது என்பது அந்தம்மாளின் சட்டம். இவள் வயிற்றைப் பார்த்தபிறகும் போனால் போகிறதென்று இருக்க விட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். பிள்ளை வந்த மறுநாள் அழுகைச் சத்தம் கேட்காததைக் கண்டு, "இருக்கறதே தெரியலையே, சரியான சமத்து!" என்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் சமத்து.

அதிகாரியம்மா கெட்டவர் இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "இது யார் மேலயும் குத்தம் சொல்றதுக்கு இல்லம்மா. எந்தக் குழந்தை இப்படித் திடீர்னு போனாலும் நாங்க வந்து கேட்டுத்தான் ஆகணும்" என்று ஆரம்பத்திலேயே சொன்னார். பிறகு கேட்டார்.

"மாசம் முடிஞ்சுதான் பொறந்துச்சா?"

"இல்லம்மா, முன்னாடியே. சலவைக்கூடத்துல நின்னுக்கிட்டு இருக்கும்போதே வலி வந்துடுச்சு."

"அதுவரைக்கும் நின்னுக்கிட்டேவா வேலை?"

"உக்காந்துக்கிட்டு பெட்ஷீட் மடிக்க முடியாதும்மா."

"தாய்ப்பாலா?"

"வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. பவுடர் பால்தான்."

"தனியா தொட்டில்?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அதிகாரியம்மாவும் பார்த்தார். மெத்தை போக மிச்சமிருந்த தரையில்தான் அவரும் அவரோடு வந்திருந்த ஆஸ்பத்திரி நர்ஸும் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கேள்வியை அவரே விட்டுவிட்டார்.

"வீட்டுல யாரு சிகரெட் பிடிப்பாங்க?"

"இங்க யாரும் இல்ல." பலகைத் தடுப்பைக் காட்டினாள். "அந்தப் பக்கத்துலேருந்து வரும்."

அந்தப் பக்கத்துக்காரர் வாட்ச்மேன். ராத்திரி ஊரைக் காவல் காத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். இப்போது தூக்கம் கலைந்த முகத்தோடு வாசலில் நின்றார். தன்னைச் சொல்கிறார்கள் என்றதும் நிலைப்படியில் ஏதோ அழுக்கு ஒட்டியிருந்ததுபோல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

அதிகாரியம்மா பெருமூச்சு விட்டார். "ஒண்ணொண்ணா இருந்தா எப்படியோ தாங்கியிருக்கும்மா. எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு" என்றார்.

அவளுக்கு அது விளங்கவில்லை. ஈரச் சுவரும் புகையும் பால் பவுடரும் நின்றபடி செய்த வேலையும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தவைதான். தினமும் அவற்றோடுதான் மல்லுக்கட்டினாள். அவையெல்லாம் ஒன்று கூடித் தன் பிள்ளைக்கு எதிராகத் திட்டம் போடும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

கடைசியாக அதிகாரியம்மா கேட்டார். "ஏம்மா குப்புறப் போட்டீங்க?"

இதற்கு மட்டும் அவளிடம் உறுதியான பதில் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில அப்படித்தாம்மா போட்டிருந்தாங்க. வேலை முடிஞ்சு தினமும் போய்ப் பாப்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள குப்புறத்தான் படுத்திருக்கும், தவளைக் குட்டி மாதிரி. அவங்க எப்படி வெச்சாங்களோ அதே மாதிரிதான் நானும் வெச்சேன். நானா ஒண்ணும் பண்ணல."

ஆஸ்பத்திரி நர்ஸ் அவள் கையைப் பிடித்தார். அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிள்ளையை எடுத்து அவள் மடியில் முதன்முதலாக வைத்தவர் அவர்தான்.

"அங்க மெஷின் பாத்துக்கிட்டே இருந்துச்சும்மா. மூச்சு ஒரு நிமிஷம் தடுமாறினாலும் மணி அடிச்சுடும், நாங்க ஓடி வருவோம். அதனால அங்க குப்புறப் போடலாம். வீட்டுக்குப் போனா மல்லாக்கத்தான் போடணும்னு சொல்லித்தானே அனுப்பினோம்?"

"யாருகிட்ட சொன்னீங்க?"

"டிஸ்சார்ஜ் பண்ணும்போது… நீங்க வரல இல்ல, உங்க வீட்டுக்காரர்தானே வந்தாரு. அவருகிட்டதான். இதே மாதிரி பொம்மையை வெச்சே காட்டினேனே. ரெண்டு தடவை செஞ்சு காட்டச் சொன்னேன், அழகாச் செஞ்சாரு."

அன்றைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. சூப்பர்வைசர், "உன் புருஷனுக்குக் கையில்லையா? அவன் தூக்கிட்டு வரட்டும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அவள் கணவனைப் பார்த்தாள். கதவுக்கும் சுவருக்கும் இடையில், கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி வளைந்துபோன தோளைச் சுவரில் சாய்த்து நின்றான். சொல்வான் என்று காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். "ஆமாம், என்கிட்ட சொன்னாங்க, இவளுக்குத் தெரியாது" என்றால் போதும். நேற்றிலிருந்து ஒவ்வொருவரும் அவள் கைகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது நின்றுவிடும்.

"சொன்னாங்களா…" என்று இழுத்தான். "எனக்கு ஞாபகம் இல்லீங்க."

"அப்பாவுக்கும் பாவம் பதட்டமா இருந்திருக்கும்" என்றார் அதிகாரியம்மா.

வீட்டுக்காரம்மா இதுதான் சமயமென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினார். "தங்கமான குழந்தைங்க. அழுதுச்சுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. குழந்தைன்னா அழத்தானே செய்யும்? அழுகைச் சத்தம் இல்லாம அது என்ன வீடு?"

"சத்தமே வராதுங்க. அவ்வளவு சமத்து" என்றார் வாட்ச்மேன், நிலைப்படியிடம்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் பிள்ளையின் உடலைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. மடித்த விதத்தைப் பார்த்ததுமே, இது எங்கள் சலவைக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த துணி என்று அவளுக்குத் தெரிந்தது. ஓரத்தை உள்ளே செருகும் அந்த மடிப்பு வேறு எங்கும் கிடையாது. இதைத் தானேகூட மடித்திருக்கலாம். கணவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இடுகாடு வரைக்கும் அவளே தூக்கிப் போனாள்.

குழிக்குள் வைக்கும்போது வெட்டியவர் கேட்டார். "எப்படிம்மா படுக்க வெக்கட்டும்?"

தலைமாடு எந்தப் பக்கம் என்பதைத்தான் அவர் கேட்டார். "மல்லாக்க" என்றாள் அவள். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. மெத்தையின் அந்த ஓரத்தில் கம்பளி அப்படியே கிடந்தது. பொம்மையை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார்கள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றான்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் அவள்.

அவன் ஆணியில் தொங்கிய சட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

"செஞ்சு காட்டினீங்களாமே. அழகாச் செஞ்சீங்களாமே."

"அத்தனை பேர் முன்னாடி என்னன்னு சொல்லச் சொல்ற?" என்று கேட்டவன், அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். "முதல் நாள் மல்லாக்கத்தான் போட்டேன். சத்தியமா. நீ வேலைலேருந்து வரல. கத்துச்சு பாரு ஒரு கத்து, வீடே இடிஞ்சு விழற மாதிரி. வாட்ச்மேன் பலகையைத் தட்டறாரு. வீட்டுக்காரம்மா வந்து நின்னுக்கிட்டு, நாளைக்கே காலி பண்ணுங்கன்னுது. தூக்கி வெச்சுப் பாத்தேன், ஆட்டிப் பாத்தேன். அப்புறம்தான் நீ வந்தே."

அவளுக்கு நினைவிருந்தது. தெருமுனையிலேயே அழுகை கேட்டது. ஓடி வந்தாள். வாசலில் வீட்டுக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். இவன் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி, பால் கொடுத்து, கண்ணாடிப் பெட்டியில் பார்த்தபடி குப்புறப் போட்டுத் தட்டினாள். ஸ்விட்சை அணைத்ததுபோல் அழுகை நின்றது. வீட்டுக்காரம்மாவே, "அட!" என்றார். தானும் ஒரு அம்மாதான் என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான். பெருமை தாங்காமல் இவன் முகத்தைப் பார்த்தாள். இவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு மூடிக்கொண்டான். அசந்துபோய்விட்டான் என்று நினைத்திருந்தாள்.

"மறுநாள் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான்.

"மறுநாள் என்ன ஆச்சு?"

"வீட்டுக்காரம்மா வந்து, பிள்ளை சமத்துதான், இருந்துக்கோங்கன்னு சொல்லிடுச்சு. நாலு நாள் போகட்டும்னு விட்டேன். அது பாட்டுக்குத் தூங்குச்சு. நானும் தூங்கினேன். நீயும்தானே தூங்கினே?"

ஆமாம், தூங்கினாள். நின்று நின்று வீங்கிய காலோடு, பிள்ளையின் வெதுவெதுப்பு விலாவில் பட, செத்த பிணம் மாதிரி தூங்கினாள். அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் அவள் தெரியாமல் தூங்கினாள். இவன் தெரிந்து தூங்கினான். தினமும் அவள் பிள்ளையைக் குப்புறப் போடும்போது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதைப் பத்தி என்கிட்ட ஒரு நாளாவது மூச்சு விட்டியா நீ?"

அவன் தலை நிமிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சண்டையில், பாத்திரம் பறந்த சண்டையில்கூட, அவள் அவனை 'நீங்க' என்பதிலிருந்து இறக்கியதில்லை.

"நான் பொம்மையைப் போட்டுக் காட்டினேன். ஊரே பாத்துச்சு. அப்பவாவது வாயைத் தெறந்தியா? கொன்னவ நான்னு அத்தனை பேரும் நெனைக்கட்டும்னு நின்னியே."

"சொல்லியிருந்தா மட்டும் என்ன? மல்லாக்கப் போட்டா அழும். அழுதா தொரத்துவாங்க. மூணு பேரும் தெருவுல நின்னிருப்போம்."

"நின்னிருப்பேன்" என்றாள். "மூணு பேரா நின்னிருப்பேன்."

அவன் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. இவனும்தான் பெற்றவன், இவனும்தான் இழந்தவன் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வெறுப்புத்தான் வந்தது.

கம்பளியை மடிக்க எடுத்தாள். சலவைக்கூடத்தில் மடிக்கிறபடி ஓரத்தை உள்ளே செருகப் போனாள். பால் வாடை முகத்தில் அடித்தது. நேற்றிலிருந்து எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது அவிழ்ந்து அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அவளே அறிந்திராத குரல். பலகைத் தடுப்பு அதிர்ந்தது.

அவன் பதறி எழுந்தான். கை தானாக நீண்டு அவள் வாய்க்கருகே வந்தது. "மெல்ல… மெல்ல, வாட்ச்மேன் தூங்கறாரு…"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது.

அவள் அழுகை நின்றது. அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, மெத்தையை மிதித்துக்கொண்டு போய், பலகைத் தடுப்பை முஷ்டியால் தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தட்டுவார்களோ அதே மாதிரி, அதே பலத்தில்.

அந்தப் பக்கம் ரேடியோ மெல்லிசாகப் பாடிக்கொண்டிருந்தது. நின்றது. கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

அவள் மறுபடியும் தட்டினாள்.