ஏழாவது பாட்டு

"அது என் மெஷின்க்கா."

"டிரம்முடீ. இருபத்திரண்டு வருஷமா நான்—"

"இருபத்திரண்டு வருஷமா நீ கேக்கிறது டிரம்மு. பதினாறு வருஷமா நான் மிதிக்கிறது மெஷினு. நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு ஒரு இழுப்பு இழுத்து—"

"அந்த இழுப்புதான்டீ அதோட அழகே! முழுசா வாசிக்க விடேன், எழுதியிருக்கேன்ல—"

"வாசிச்ச வரைக்கும் போதும். எந்த டிரம்மரும் இல்ல, என் கால்தான் அது."

பெரியவள் கையிலிருந்த தாளை மடியில் போட்டாள். ஒரு வார இதழின் இசைப் பக்கத்துக்கு விமர்சனம் எழுதுகிறவள் அவள். ராக், மாற்று ராக், நாலு பேர் ஒரு கார் ஷெட்டில் கூடிப் பதிவுசெய்யும் இண்டி ஆல்பங்கள் என்று வாரத்துக்கு ஏழெட்டு அவளிடம் வரும். அவளுடைய எழுத்தின் குத்தலுக்கு வாசகர்கள் வைத்த பெயர் முள்ளு மேடம். காதை முழுசாக மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் வீடு எரிந்தாலும் தெரியாது. முன் அறை சின்னவளுடையது. துணி திருத்துகிற கடையே அதுதான். கால்சட்டை சுருக்க, சட்டை பிடிக்க, ஜிப் மாற்ற ஆட்கள் வந்து போவார்கள். கட்டுரையை அனுப்பிய பிறகு பெரியவள் அதைத் தங்கைக்கு வாசித்துக் காட்டுவாள். அனுப்புமுன் காட்டினால் அவள் ஏதாவது சொல்லித் தொலைப்பாளே என்ற பயம். சின்னவளும் குண்டூசிகளைப் பல்லில் கடித்தபடி எல்லாவற்றுக்கும் "ம்" என்பாள். இன்றைக்குத்தான் ஊசிகளைத் துப்பிவிட்டுப் பேசினாள்.

"இன்னொரு தடவை வாசி, அந்த இடத்தை."

பெரியவள் வாசித்தாள். "ஏழாவது பாட்டில் வார்த்தையே இல்லை. ஒரு நொண்டித் தாளம். தூரத்தில் யாரோ முணுமுணுக்கும் மெட்டு. கடைசியில் எதிரொலியில் நனைந்து கரையும் ஒரு பெண்குரல். யாருடைய வீடென்று தெரியாது. ஆனால் அந்த வீட்டில் நான் வாழ்ந்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. மூன்று வருடத்தில் இந்த மனிதருக்குக் காது முளைத்திருக்கிறது."

காது என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அதே பாடகரின் முந்தைய ஆல்பத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, 'தன் குரலைத் தவிர வேறெதையும் இவர் காது கொடுத்துக் கேட்டதேயில்லை' என்று எழுதியவள் அவள்தான். அதைப் படித்துவிட்டு ஊரே சிரித்தது. கச்சேரிகள் கைவிட்டுப் போயின. டிரம்மர் வேறு குழுவுக்குப் போனார், மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். எந்தப் படத்திலும் முகம் காட்டாமல் முதுகைக் காட்டியே நிற்கிற அந்தப் பாடகர் தனியாளாக இருந்து இப்போது ஓர் ஆல்பம் செய்திருக்கிறார். பெயர் 'அரை இஞ்ச்'. ஏன் இந்தப் பெயர் என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். பழைய பாவத்தைக் கொஞ்சம் கழுவின நிம்மதியோடு நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தாள்.

"சரி, நீயே சொல்லு. ஓட்டு உன் மெஷினை."

சின்னவள் மிதித்தாள். எண்ணெய்த் தாரை ஒழுகுவது போல மெஷின் ஒரே சீராக ஓடியது. பெரியவள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, தொழில்காரியின் காதால் கேட்டாள். இழுப்பு இல்லை, தடுமாற்றம் இல்லை.

"எங்கடீ நொண்டுது? வெண்ணெய் மாதிரி போகுது! நல்ல வேளை, உன்னை விமர்சனம் எழுத விடல."

சின்னவள் சிரிக்கவில்லை. "போன மாசம் பெல்ட் மாத்தினேன்க்கா. பழசு இத்துப்போய் நொண்டிக்கிட்டு இருந்துச்சு. உன்கிட்ட சொன்னேனே."

"எப்ப?"

"நீ காதுல மாட்டிக்கிட்டு இருந்தப்ப."

அந்த நேரத்தில் போன் அடித்தது. இசைப் பக்கத்தைக் கவனிக்கிற உதவி ஆசிரியர். ஐந்து விமர்சகர்களின் ஒற்றை வரிக் கருத்தும் நட்சத்திரமும் போட்டு ஒரு பெட்டிச் செய்தி வாராவாரம் வரும், அதைக் கட்டுகிறவர்.

"மேடம், கேளுங்க. நம்ம பேராசிரியர் 'பாதி வெந்த ஆல்பம், மூன்று'ன்னு குடுத்திருக்காரு. சின்னப் பையன் 'கிட்டார் அழுகிறது, நான் அழவில்லை, இரண்டு'. எல்லாத்தையும் புகழ்றவர் வழக்கம்போல நாலரை. அது கிடக்கட்டும். நீங்க ஏழாவது பாட்டுன்னு ஒரு பாரா முழுக்க உருகியிருக்கீங்க. எங்க மேடம் இருக்கு அது?"

"எங்கன்னா? ஆறாவதுக்கு அப்புறம்."

"மத்த நாலு பேருக்கும் ஆறுதான் வந்திருக்கு. நானே எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் கவனிப்பா?" அவர் சிரித்தார். "பக்கம் அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது. அந்தப் பாராவை வெக்கவா, எடுக்கவா?"

"கூப்பிடுறேன்" என்று வைத்தாள்.

ஆல்பம் வெளியாகுமுன் விமர்சகர்களுக்கு அனுப்பும் பிரதி எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணையச் சுட்டி, அதில் அவரவர் பெயர். பாட்டு வெளியே கசிந்தால் யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்கச் செய்கிற ஏற்பாடு. ஒருத்திக்கு மட்டும் ஒரு பாட்டைக் கூடுதலாக வைப்பது நினைத்தால் அரை நிமிட வேலை. இத்தனை வருடத்தில் அப்படி ஒருவர் நினைக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஹெட்போனைத் தொடாமல் மடிக்கணினியைத் தூக்கிவந்து, வெட்டுத்துணிகளை ஒதுக்கித் தள்ளி, தையல் மேசைமேலேயே வைத்தாள். ஸ்பீக்கரில் ஏழாவது பாட்டைப் போட்டாள்.

மெஷின் ஓடியது. ஓடிக்கொண்டே வந்து ஓர் இழுப்பு இழுத்து மறுபடி ஓடியது. கத்தரிக்கோலை மரத்தில் வைக்கிற சத்தம். அவர்கள் இருவர் கண்களும் எதிரே கிடந்த கத்தரிக்கோலுக்குப் போயின. முணுமுணுப்பு வந்தது. அம்மா சாகும்வரை பாத்திரம் கழுவும்போது முனகிய மெட்டு. உலகத்தில் அதைத் தெரிந்தவர்கள் இப்போது இரண்டே பேர். சின்னவளின் உதடு தன்னையறியாமல் அதோடு சேர்ந்து அசைந்து, நின்றது. மெஷின் ஓய்ந்தது. ஒரு கதவு கிறீச்சிட்டது. கடைசியாக அந்தப் பெண்குரல். ஹெட்போனில் அந்நிய மொழியின் ஓசையாகக் கேட்டது, இந்த அறையில் சின்னவளின் குரலாகத் தெளிவாகக் கேட்டது. யாரு?

பெரியவள் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"யாருடீ வந்தா? பெல்ட் மாத்தறதுக்கு முன்னாடி, இங்க உக்காந்து?"

"எவ்வளவோ பேரு வர்றாங்க." சின்னவள் யோசித்தாள். "ஒருத்தர்... ரொம்ப மரியாதையான பிள்ளைக்கா. ஒல்லியா, தொப்பி போட்டு. ஒரே கால்சட்டையைக் கொண்டாந்து அரை இஞ்ச் குறைங்கம்பாரு. கூடவே உக்காந்திருந்து வாங்கிட்டுப் போவாரு. போனை மேசைமேல குப்புறப் போட்டு வெச்சிருப்பாரு. நல்ல பழக்கம்தானே, ஆளுங்ககூட பேசறப்ப போனைப் பாக்காம இருக்கிறது. மறுபடி பத்து நாள்ல வருவாரு, இன்னும் அரை இஞ்ச் குறைங்கம்பாரு."

பெரியவள் திரையில் இருந்த ஆல்பத்தின் பெயரைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை?"

"இது நாலாவது. இந்தத் தடவைதான் உக்காராம குடுத்துட்டுப் போனாரு. அந்தக் கால்சட்டை இப்ப அவருக்குக் கணுக்காலுக்கு மேலதான் நிக்கும்க்கா. நானும் சொல்லிட்டேன். பரவாயில்ல, குறைங்கன்னு சிரிச்சாரு." குரல் தாழ்ந்தது. "உன்னையும் விசாரிப்பாரு. அக்கா உள்ள வேலையாங்கன்னு. ஒரு நாள் நான் நூல் எடுக்கப் போயிட்டு வந்தா, உன் ரூம் வாசல்ல நின்னு உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நீ கண்ணை மூடித் தலையாட்டிட்டு இருந்தே. 'இவ்வளவு பக்கத்துல நின்னாலும் கேக்காதா?'ன்னாரு. கேக்காதுங்கன்னு நானும் சிரிச்சேன்."

பெரியவளுக்கு முதலில் வந்தது மானப் பயம். அதற்காகப் பிறகு அவள் வெட்கப்படவேண்டியிருந்தது. சொந்த வீட்டைக் கேட்டுவிட்டு யாருடைய வீடென்று தெரியாது என்று எழுதிய விமர்சகி! நாளைக்கு அது அச்சில் வந்து, அந்தப் பாடகன் அதைக் கையில் எடுத்து ஊருக்குக் காட்டினால், இருபத்திரண்டு வருடம் சோறு போட்ட காது சந்தி சிரித்துவிடும். போனை எடுத்து, பாராவை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல விரலை வைத்தாள். அப்போதுதான் மற்றது உறைத்தது. அச்சில் வரும் அந்த விமர்சனத்தைக் கொண்டு மட்டும் அவன் பழிதீர்க்க நினைத்திருந்தால் ஒரு தடவை வந்தால் போதுமே. வேண்டியது கையில் கிடைத்து, பாட்டாகி, அவளிடம் வந்தும் சேர்ந்தாயிற்று. நாலாவது தடவை எதற்கு?

சுவர்க் கொக்கியில் ஒரு சாம்பல் நிறக் கால்சட்டை தொங்கியது. கீழ்ப்பக்கம் மடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, அளவு தப்பியது போல் குட்டையாக இருந்தது.

"அதை எப்ப வாங்க வர்றான்?"

"இன்னைக்குத்தான். நாலு மணிக்கு."

மணி நாலு பத்து.

"கதவைப் பூட்டு முதல்ல."

"கடை நேரத்துல யாருக்கா பூட்டுவா? ஒருக்களிச்சுதான் வெச்சிருக்கேன். நீ வேற, வீணா என்னை..." சொல்லிக்கொண்டே எழுந்தவள், மடியிலிருந்த ஊசிப்பெட்டி சரிய, அதைப் பிடிக்கக் குனிந்தாள். ஊசிகள் தரையில் சிதறின.

முன் கதவு கிறீச்சிட்டது.

பெரியவளின் கண் மடிக்கணினிக்குப் பாய்ந்தது. பாட்டு முடிந்து, கோடு கடைசியில் போய் அசையாமல் நின்றிருந்தது. அவள் தங்கையின் தோளைப் பற்றினாள். வாயைப் பொத்தத்தான் நினைத்தாள், கை எட்டவில்லை.

சின்னவள் குனிந்த வாக்கிலேயே, பதினாறு வருடப் பழக்கத்தில், வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யாரு?"