சிவக்கொழுந்து வீட்டுக்குப் போகாத கறிமீன்

1

இந்தக் கதையை நானா யோசிச்சு எடுக்கேல்ல. மடுக் கோயிலுக்குப் போற பஸ்ஸில பக்கத்தில இருந்த பள்ளிமுனை றோஸ்மேரி கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சொன்னது. இறங்கேக்க, "எழுதுறதெண்டால் எழுதுங்கோ, என்னை நல்லவளாக்கிப் போடாதேங்கோ" எண்டவ.

முதல் இப்பிடித் தொடங்கினன்: "கடற்கரைப் பொம்பிளை றோஸ்மேரிக்கு வாய் பெரிசு, ஆனா மனசு..."

(அழிச்சிட்டன். அவ கதைச்சது காதைக் கிட்டக் குடுத்தால்தான் கேட்டது. கடற்கரை எண்ட உடன என்ர விரல் தானா அடிச்சுப்போட்டுது.)

2

சண்டை முடிஞ்சு அடுத்த வருஷம். வயல்காறி சிவக்கொழுந்து அகதி முகாமால வந்து, ஊரில கண்ணிவெடி எடுத்து முடியுமட்டும் எண்டு, றோஸ்மேரிக்குப் பக்கத்து வீட்டில குடும்பத்தோட வாடகைக்கு இருந்தவ. அந்தக் கிழமையே றோஸ்மேரியின்ர மனுசன் யாகப்பருக்கு வலையில நல்ல மீன்பாடு. மீன் பட்டால் அயல் வீடுகளுக்கும் கறிக்குக் கொஞ்சம் குடுக்கிறது அங்கத்தை வழக்கம். சிவக்கொழுந்துக்கும் வேலியால நீட்டினா. அவ சிரிச்சுக்கொண்டு வேண்டாம் அக்கா எண்டிட்டா. நெத்தியில திருநீறு. றோஸ்மேரிக்கு முடிவெடுக்க அது காணும். சைவ ஆக்கள், மீன் மச்சம் தொடாயினம்.

பிறகு ஒருநாளும் நீட்டேல்ல. அதோட விட்டாவோ? அதுகளுக்கு மணக்கும் எண்டு மீன் வெட்டுற இடத்தையும் வேலிக்கரையில இருந்து வீட்டுக்குப் பின்னால மாத்தினா. கதைபேச்சும் அதோட குறைஞ்சுது.

(சிவக்கொழுந்தை மெலிஞ்ச, வாய் திறக்காத ஆளா எழுதி வைச்சிருந்தன். றோஸ்மேரிக்குப் போன் எடுத்துக் கேட்டால், நல்ல உடம்பாம். யாகப்பர் மாதிரி நடந்து காட்டிக் கிணத்தடியைச் சிரிப்பாலயே நிரப்புவாவாம். திரும்ப அழிச்சன்.)

3

ஊருக்குப் போற நாள். லொறியில சாமான் ஏத்தியாச்சு. சிவக்கொழுந்து றோஸ்மேரி வீட்டு வாசல் படலையடிக்கு வந்தா.

"அக்கா, எல்லா வீட்டுக்கும் கறிமீன் போச்சுது. நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"நீங்கள் மச்சம் சாப்பிடமாட்டியள் எல்லோ."

"அண்டைக்குக் கந்தசஷ்டி விரதம் அக்கா. குளத்து மீன் திண்டு வளந்தவள் நான்."

இன்னொண்டும் சொன்னாவாம். கடற்கரைச் சனம் ஒருக்கா வேண்டாமெண்டால் பிறகு முகம் பாராயினம் எண்டுதான் தானும் நினைச்சதெண்டு. லொறிக்காரன் ஹோண் அடிச்சான். ஏறிப் போயிட்டா.

4

ஒரு முடிவு: றோஸ்மேரி மீனோட சிவக்கொழுந்தின்ர ஊருக்குப் போறா, எல்லாரும் இருந்து சாப்பிடுகினம். (பொய். அவ இன்னும் போகேல்ல. வெக்கமாம்.)

இன்னொண்டு: போறா, அண்டைக்குப் பாத்து அங்க கோயில் திருவிழா, திரும்பவும் விரதம். (பகிடிக்குத்தான் எழுதினன். பிறகு அதையும் அழிச்சிட்டன்.)

சிவக்கொழுந்துக்குள்ள என்ன கிடந்தது எண்டு எழுதப் பாத்தன். ஏலேல்ல. நான் கேட்டதெல்லாம் றோஸ்மேரியின்ர வாயால வந்த சிவக்கொழுந்து. மற்றப் பக்கத்தை நான் ஒரு சொல்லும் கேக்கேல்ல. அந்தப் பக்கம் போறவை ஆரும் இருந்தால் அவவிட்டயே கேட்டு மிச்சத்தை எழுதுங்கோ. என்னால இவ்வளவுதான்:

றோஸ்மேரி சிவக்கொழுந்தின்ர ஊர் வீட்டுப் படலையடியில நிக்கிறா. சிவக்கொழுந்து திரும்பிப் பாத்து,